சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை எடுப்பது சரியா? ரைஸ் ஏரியில் கோடைக்கால மீன்பிடி

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் இருக்கும் இளம் தகப்பன் ஒருவர் கேட்டிருக்கிறார். பாடசாலை விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரைஸ் ஏரிக்கு மூன்று தரம் போயிருக்கிறார். காலை பதினொரு மணிக்குப் போய்ப் பின்னேரம் நான்கு மணிவரை நின்றும் உள்ளங்கை அளவு சன்ஃபிஷ்தான் வருகிறதாம். பாஸ் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. இரை பிழையா, இடம் பிழையா, நேரம் பிழையா? பிடிபடுவதில் சின்னதைத் திரும்ப விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் சமைக்க எடுக்கிறோம், அது சரிதானே? இந்த மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

தம்பி, சின்னது பெரியது பற்றிய கேள்வியை நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. பாஸ் எங்கே நிற்கும், ஏன் ஜூன் பிற்பகுதிவரை அதைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, சன்ஃபிஷ் ஏன் சில ஏரிகளில் விரலளவுக்கு மேல் வளர்வதே இல்லை, எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் முடிச்சுப்போட்டுக் கிடக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சன்ஃபிஷ் வேறு, பாஸ் வேறு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம். வட அமெரிக்காவின் நன்னீருக்கே உரிய குடும்பம் அது. வேறு எந்தக் கண்டத்திலும் இயற்கையாக இருந்ததில்லை. நீங்கள் பிடித்ததில் செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டும் கன்னத்தில் நீலக்கோடுகளும் இருந்தால் அது பம்ப்கின்சீட். பொட்டு இல்லாமல் அந்த மடல் முழுவதும் கறுப்பாகவும், முதுகுச் செட்டையின் பின்பக்க அடியில் ஒரு கறைபோலவும் இருந்தால் புளூகில். கண் இரத்தச் சிவப்பாக, உடம்பு பித்தளை நிறமாக, வாய் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ரொக் பாஸ். பெயரில் பாஸ் இருந்தாலும் அளவில் சன்ஃபிஷ்தான். பெரிய பாஸ் இரண்டு வகை. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது லார்ஜ்மவுத், பெரியவாய். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் ஸ்மோல்மவுத், சின்னவாய். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பத்து மீனுக்குள் உங்களைவிடக் கெதியாகப் பெயர் சொல்வார்கள்.

இந்தக் குடும்பத்தின் பொதுக் குணம் ஒன்று உண்டு. கூடு கட்டுவதும் முட்டையைக் காப்பதும் ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தண்ணீர் 15, 16 பாகை செல்சியஸ் வந்ததும் பாஸ் தொடங்கும்; இங்கே அது மே மாதப் பிற்பகுதி, ஜூன். ஆண் வாலால் அடித்துச் சரளையைத் துப்புரவாக்கி, முட்டை பொரிக்கும்வரை செட்டையால் விசிறி, பொரித்த பிறகும் கறுப்பு மேகம்போலத் திரியும் குஞ்சுக்கூட்டத்தோடு பல நாட்கள் நிற்கும். அந்தக் காலத்தில் அது ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கூட்டுக்குக் கிட்ட எது வந்தாலும் துரத்திக் கடிக்கும். அதனால் தூண்டிலையும் கடிக்கும். அப்படிப் பிடிபட்ட ஆணைப் படம் எடுக்க ஒரு சில நிமிடம் மேலே வைத்திருந்தால் போதும், சுற்றி நிற்கும் புளூகில்களும் பம்ப்கின்சீட்களும் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். திரும்பி வரும் தகப்பன் பாதி காலியான கூட்டைக் கைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. கிங்ஸ்ரனுக்கு வடக்கே, ரீடோ கால்வாய்ப் பாதையில் ஒப்பினிக்கன் என்று ஒரு ஏரி இருக்கிறது. குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் அதன் கரையில். இதையெல்லாம் தண்ணீருக்குள் இறங்கிக் கூடு கூடாகப் பார்த்து எழுதியவர்களில் பலர் அங்கே வேலைசெய்தவர்கள்தான்.

தென் ஒன்ராறியோவில் பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமைதான் திறக்கும். மாகாணம் முழுவதும் இருபது மீன்வள வலயங்கள் இருக்கின்றன. எந்தச் சனிக்கிழமை என்பது வலயத்துக்கு வலயம் மாறும். உங்கள் ஏரிக்குரிய பக்கத்தை மாகாண விதித்தொகுப்பில் ஒவ்வொரு வருடமும் பாருங்கள். பருவம் மூடியிருக்கும்போது பாஸைத் தேடிப் பிடிப்பதே குற்றம், விட்டுவிட்டாலும் குற்றம். சன்ஃபிஷுக்குப் போட்ட தூண்டிலில் தவறி ஏறினால் உடனே விட்டுவிட வேண்டும்.

புளூகில் இதே வேலையைக் கொஞ்சம் பிந்தி, தண்ணீர் இருபது பாகையைத் தாண்டிய பிறகு செய்யும். அவை தனித்தனியாகக் கட்டுவதில்லை. இடுப்பளவுக்குக் குறைந்த தண்ணீரில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், ஒரு கிராமமாகக் கிடக்கும். ஜூனில் தொடங்கி ஜூலை வரைக்கும் பல சுற்று நடக்கும். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒரு பெரிய ஆண்.

இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒப்பினிக்கன் ஏரியில் மார்ட் குரோஸ் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் காட்டியது இது: கூடு கட்டிக் காவல் நிற்கும் ஆண் அந்த நிலைக்கு வர ஏறக்குறைய ஏழு வயது ஆகிறது. இன்னொரு வகை ஆண் இருக்கிறது. இரண்டு மூன்று வயதிலேயே பருவமடைந்து, விரலளவில் புல்லுக்குள் ஒளிந்துநின்று, பெண் முட்டையிடும் நேரம் பார்த்துக் கூட்டுக்குள் பாய்ந்து தன் விந்தைக் கலந்துவிட்டு ஓடும். கூடும் கட்டாது, காவலும் நிற்காது. இப்போது யோசியுங்கள். நாங்கள் போய், கரையோரம் வட்டம் வட்டமாகத் தெரிகிற இடத்தில் தூண்டிலைப் போட்டு, வருகிறதில் பெரிய பத்தை எடுத்துக்கொண்டு வருகிறோம். அந்தப் பத்தும் ஏழு எட்டு வருடம் வளர்ந்த தகப்பன்மார். பெரிய ஆண்கள் இல்லாத ஏரியில் இளம் ஆண்கள் வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் கெதியாகப் பருவமடைகின்றன. போட்டிக்கு ஆள் இல்லாதபோது பெரிதாக வளர்ந்து என்ன பயன்? பருவமடைந்ததும் தின்றதெல்லாம் உடம்புக்குப் போகாமல் இனப்பெருக்கத்துக்குப் போய்விடும். சில வருடத்தில் ஏரி முழுக்க மீன் இருக்கும், ஒன்றுகூட உள்ளங்கையைத் தாண்டாது. நீங்கள் ஒரே அளவு மீனாகவே பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இதைக் கண்டுதான் அண்மை வருடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளில் சன்ஃபிஷ் எண்ணிக்கையை ஒரு நாளைக்கு ஐந்து அல்லது பத்தாகக் குறைத்தது. அங்கே பொது எல்லை இருபது.

ஆக, நீங்கள் செய்வதைத் திருப்பிச் செய்யுங்கள். பெரியதை விடுங்கள், நடுத்தரத்தை எடுங்கள். பதினைந்து, பதினேழு சென்ரிமீற்றர் மீன் பொரிக்க நல்ல அளவு. இருபதைத் தாண்டியதைப் பிள்ளைகளின் கையில் ஒரு படம் எடுத்துவிட்டு இறக்கிவிடுங்கள். நானும் முதல் மூன்று கோடை உங்களைப்போலத்தான் செய்தேன். பெரியதை எடுத்துச் சின்னதை விடுவதுதான் நியாயம் என்று ஊரில் பழகி வந்த புத்தி. பல மீனுக்கு அது சரி. இந்த மீனுக்குப் பிழை. நான் எடுத்த அந்தப் பெரிய ஆண்களை நினைத்தால் எனக்கு இப்பவும் மனம் கனக்கும்.

இனி ஏன் பாஸ் கடிக்கவில்லை என்பது. இரை பெரிய பிழை இல்லை. நேரமும் இடமும்தான் பிழை.

ஆழமான ஏரிகளில் கோடையில் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே இளஞ்சூடு, கீழே குளிர், நடுவில் சில மீற்றருக்குள் சடாரென்று குளிர்கிற ஒரு படலம். மேலும் கீழும் கலக்காததால் கோடை போகப்போகக் கீழடுக்கில் ஒட்சிசன் குறையும். அங்கே ஆழத்தில் மீன் ஒளிந்திருக்கும் என்று பத்துப் பன்னிரண்டு மீற்றரில் இரையை இறக்குவது வீண். பாஸும் சன்ஃபிஷும் படலத்துக்கு மேலேதான் நிற்கும். ஆனால் ரைஸ் ஏரி அப்படியானது அல்ல. முப்பது கிலோமீற்றர் அளவு நீண்டு கிடந்தாலும் பெரும்பகுதி சில மீற்றர்தான் ஆழம். காற்றடித்தால் அடிவரை கலங்கும். அங்கே மீனுக்கு ஒதுங்க ஆழம் இல்லை, புல்தான் இருக்கிறது. அந்த ஏரியின் பெயரே அதில் விளைந்த காட்டு அரிசியால் வந்தது. அனிஷினாபே மக்கள் அதை மனோமின் என்கிறார்கள். ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்காக அணைகட்டி நீர்மட்டத்தை உயர்த்தியபோது அந்த விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தது. வடகரையில் ஹயவாதா, தென்கரையில் ஓல்டர்வில் என்று அவர்களின் ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

அதனால் புல்லின் ஓரத்தைத் தேடுங்கள். கரையிலிருந்து பார்க்கும்போது தண்ணீருக்குள் பச்சை முடிந்து இருட்டுத் தொடங்குகிற கோடு ஒன்று தெரியும். பெரிய புளூகில் பகலில் அந்தக் கோட்டுக்கு வெளியே, மூன்று நான்கு மீற்றர் ஆழத்தில், அந்தரத்தில் நிற்கும். கரைக்குக் கிட்ட, வெயில் படுகிற இடத்தில் நிற்பவை குட்டிகள். குட்டிகள் ஏன் அங்கே நிற்கின்றன? புல்லின் வெளிப்பக்கம் பாஸ் நிற்கிறது, அதற்குப் பயந்துதான். நீங்கள் பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை குட்டிகளின் பாதுகாப்பு அறைக்குள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஜூலையில் பாஸுக்கு நான் இருட்டோடு எழும்பிப் போவேன். முதல் வெளிச்சத்திலிருந்து எட்டு மணிவரை, பிறகு பொழுதுசாய ஒரு மணி நேரம். பிள்ளைகளை விடிய நான்கு மணிக்கு எழுப்புவது கஷ்டம் என்றால் பின்னேரம் ஆறு மணிக்குப் போங்கள். நடுப்பகலில்தான் போக முடியும் என்றால் நிழலைப் பாருங்கள்: படகுத்துறையின் அடி, அல்லி இலைகளின் அடி, கரையில் சாய்ந்த மரத்தின் அடி. பெரியவாய் பாஸ் வெயிலில் அலைவதில்லை; நிழலுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சின்னவாய் வேறு குணம். அதற்குக் கல்லும் நண்டுபோன்ற நன்னீர் இறாலும் வேண்டும், தெளிந்த தண்ணீர் வேண்டும். அதற்குச் சிம்கோ ஏரி நல்லது, ஆனால் படகு இல்லாமல் பிள்ளைகளோடு சிரமம்.

சாமான் விஷயத்தில் அதிகம் செலவழிக்காதீர்கள். சன்ஃபிஷுக்கு ஆறடிக்கு மேற்படாத மெல்லிய தடி, நான்கு இறாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் நூல்), 8 அல்லது 10ஆம் இலக்கத் தூண்டில் முள். முள்ளின் தண்டு நீளமாக இருக்கட்டும். இந்த மீனின் வாய் சின்னது, நீளத்தண்டு இருந்தால் பிள்ளைகளே கழற்றலாம். கடைகளில் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்குகிற பெரிய உருண்டைத் தக்கையை வாங்காதீர்கள். அதை இழுக்க மீனுக்குப் பாரம் தெரியும், தெரிந்ததும் துப்பிவிடும். பென்சில் மாதிரி மெலிந்த தக்கை, அது நிமிர்ந்து நிற்க ஒரு மிளகளவு ஈயம், போதும். பம்ப்கின்சீட் தொண்டைப் பற்களால் நத்தையை நொறுக்கித் தின்னும் மீன். அதற்கு இரையை அடியோடு வையுங்கள். புளூகிலுக்கு அடியிலிருந்து ஒரு முழம் மேலே.

மண்புழுவை முழுதாகக் கோக்காதீர்கள். நகத்தளவு கிள்ளி, முள் நுனி மட்டும் மறையும்படி. தொங்கும் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதில் சன்ஃபிஷுக்கு நிகர் இல்லை. பெட்டியில் விற்கிற அந்தப் பெரிய புழுக்கள் தென்மேற்கு ஒன்ராறியோ வயல்களில் ஆட்கள் இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து கையால் பொறுக்குபவை. குடியேறி வந்தவர்கள் பலர் செய்த, செய்கிற வேலை. அதை நினைத்தாவது வீணாக்காதீர்கள். மிச்சத்தைக் கரையில் கொட்டவும் கூடாது. அது ஐரோப்பாவிலிருந்து வந்த புழு, இங்குள்ள காட்டு மண்ணைக் கெடுக்கும். தண்ணீரிலோ தண்ணீரிலிருந்து முப்பது மீற்றருக்குள்ளோ இரையைக் கொட்டுவதைச் சட்டமும் தடுக்கிறது. குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

பாஸுக்கு ஒரே ஒரு முறை சொல்கிறேன், அது போதும். விரல்தடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவான மென்பிளாஸ்ரிக் புழு கடைகளில் இருக்கும். முள்ளை அதன் நடு வயிற்றில் குறுக்காகக் குத்துங்கள். ஈயம் வேண்டாம். படகுத்துறை நிழலின் ஓரத்தில் எறிந்துவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டு நுனியும் துடித்தபடி மெல்ல இறங்கும். பாஸ் அதை இறங்கும்போதுதான் எடுக்கும். கையில் இழுப்புத் தெரியாது. தங்கூசியைப் பாருங்கள். அது பக்கவாட்டில் நகர்ந்தாலோ, அடிக்கு முன்பே இறங்காமல் நின்றாலோ, தளர்வைச் சுற்றிவிட்டு நிமிர்த்தி இழுங்கள். அடிவரை போய்விட்டால் ஒரு முழம் தூக்கி மறுபடியும் இறங்கவிடுங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் தொண்ணூறு வீதம் பேர் இதில் தோற்பது பொறுமையில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால்.

கோடைத் தண்ணீர் சூடு, ஒட்சிசன் குறைவு. போராடிக் களைத்த மீன் அதில் மீள நேரமெடுக்கும். கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், உலர்ந்த கை அதன் உடம்பு வழுவழுப்பை உரித்துவிடும். சன்ஃபிஷின் முதுகு முள்ளைத் தலைப்பக்கமிருந்து வாலை நோக்கித் தடவிப் படுக்கவைத்துப் பிடித்தால் குத்தாது. தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள், தங்கூசியை வாயோரம் வெட்டிவிட்டு இறக்குங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் இந்தக் கஷ்டமே பாதி குறையும்.

சாப்பிடலாமா என்றால், தாராளமாக. சன்ஃபிஷ் பெரும்பாலும் பூச்சியும் நத்தையும் தின்னும் சிறு மீன் என்பதால் பெரிய வேட்டை மீன்களைவிடப் பாதரசம் போன்றவை அதில் குறைவு. ஏரி வாரியாக, மீன் வாரியாக, நீளம் வாரியாக மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ சுற்றாடல் அமைச்சு இலவச வழிகாட்டி வெளியிடுகிறது. பிள்ளைகளுக்குத் தனி வரிசை உண்டு. பிடித்ததும் ஐஸ் பெட்டிக்குள் போடுங்கள், வெயிலில் வாளித் தண்ணீரில் வைத்தால் சதை குழைந்துவிடும். ஏரிக்கரையிலேயே தோலை முழுதாக உரித்துத் துண்டாக்காதீர்கள். அதிகாரி கேட்டால் என்ன மீன், எத்தனை என்று தெரிய வேண்டும். வீட்டில் செதில் எடுத்து, இரண்டு பக்கமும் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டிப் பொரித்துப் பாருங்கள். குளத்துத் திலாப்பியாவைவிட இனிப்பான சதை. முள் அதிகம் என்பதால் சின்னப் பிள்ளைக்கு நீங்களே பிய்த்துக் கொடுங்கள். தோலில் மிளகுத்தூள் தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பயப்படாதீர்கள். மீன்கொத்தி, நத்தை, மீன் என்று சுற்றிவரும் ஒரு ஒட்டுண்ணியின் உறை அது. நன்றாக வெந்தால் ஒன்றும் செய்யாது.

சட்டத்தில் இன்னும் இரண்டு. 18 முதல் 64 வயதுவரையானவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம். கனடா தினத்தை ஒட்டி ஒரு வாரம் கனடாவில் வசிப்பவர்கள் பத்திரம் இல்லாமலே பிடிக்கலாம். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், எண்ணிக்கையில் குறைந்த எல்லைதான் பொருந்தும். இந்தப் பக்க வலயங்களில் பாஸுக்கு முழுப் பத்திரத்தில் ஆறு, குறைந்த எல்லையில் இரண்டு.

மற்றது, உயிர்மீனை வாளியில் போட்டு வீட்டுக் குளத்துக்கோ வேறு ஏரிக்கோ கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகள் கேட்டு அழுவார்கள், எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1960இல் ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹித்தோ அமெரிக்கா போனபோது சிக்காகோவில் புளூகில்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். உணவுக்கு வளர்க்கலாம் என்று நல்ல எண்ணத்தில் கொண்டுபோனார். அவை பரவி, பிவா ஏரியில் அந்நாட்டுக்கே உரிய மீன்களை நெருக்கின. 2007இல் பேரரசராக அந்த ஏரிக்கரை மாகாணத்துக்கே வந்து, தன் மனம் வருந்துவதாகச் சபையில் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 2009இல், அதே பிவா ஏரியில்தான் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் பெரியவாய் பாஸ் ஒன்று பிடிபட்டு, 1932இல் ஜோர்ஜியாவில் பதிவான உலக சாதனையைச் சமன்செய்தது. அந்தப் பாஸும் ஜப்பானுக்குச் சொந்தமில்லாத, கொண்டுபோய் விடப்பட்ட மீன்.

அடுத்த தரம் போகும்போது வெயில் கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள், தண்ணீரின் பளபளப்பை வெட்டுகிற வகை. ஜூலை நடுப்பகுதிக்குள் என்றால் காற்றில்லாத காலையில் படகுத்துறையில் பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தூண்டில் போடவேண்டாம். வட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் நெஞ்சு செம்மஞ்சளாகச் சிவந்த ஒரு ஆண் சுற்றிச் சுற்றி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரனைத் துரத்தும், உடனே ஓடிவந்து முட்டையை விசிறும். கொஞ்சம் பொறுத்தால், புல்லுக்குள்ளிருந்து விரலளவு மீன் ஒன்று மின்னல்மாதிரி உள்ளே போய் வெளியே ஓடுவதையும் காணலாம். என் மகள் அதை முதலில் கண்டபோது அவளுக்கு ஏழு வயது, அந்தக் கூட்டுக்காரனின் வயது.